புரதத்துக்கு யாப்புக் கண்டவர்: பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு மறைந்த சான்றோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் என்னைக் கேட்டபோது, தமிழ் கற்பிப்பவள் ஆதலால் புலவர் ஒருவரையோ ஏடு தேடிய பதிப்பாசிரியர் ஒருவரையோ எடுத்துக்கொள்வேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். நானும் அவ்வாறே எண்ணிக் குறிப்புகள் எடுக்கத் தொடங்கியிருந்தேன். அவற்றை மூடி வைத்துவிட்டு, இயற்பியல் அறிஞர் ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர், இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் மத்திகிரிக்குத் திரும்பும் வழியில் இருசக்கர வண்டியோடு விழுந்தார். தலைக்கவசம் அணிந்திருந்தார். மண்டையோடு உடையவில்லை, காதிலோ மூக்கிலோ குருதி இல்லை. சிறிது நேரம் நினைவின்றிக் கிடந்தவர் எழுந்து தம் பெயரையும் ஊரையும் சொன்னார். மருத்துவமனையில் தலையைச் சி.டி. ஸ்கேன் எடுத்தனர். படத்தில் குறையொன்றும் இல்லை என்ற செய்தி வந்ததும், வெளியே நின்றிருந்த அவருடைய தாயார் பிள்ளையார் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் புறப்பட்டுவிட்டார். அம்மாணவர் நம் வட்டத்தின் கூட்டங்களில் நின்ற நிலையிலேயே வெண்பாவுக்கு ஈற்றடி கொடுத்தவர். அடுத்த சில மாதங்களில் அவரால் நான்கு சீரைத் தொடர்ந்து மனத்தில் நிறுத்த இயலாமற் போயிற்று. சொல் நாவின் நுனிவரை வந்து திரும்பிவிடும். பேசிக்கொண்டிருக்கையில் சினம் வரும். பின் காரணம் தெரியாமல் அழுகை வரும். படம் நன்றாகத்தானே இருந்தது என்று அவர் தாயார் என்னிடம் பலமுறை கேட்டார்.

அக்கேள்வியோடு எங்கள் கல்லூரி இயற்பியல் துறை நண்பரிடம் சென்றேன். அவர் இரண்டு செய்திகளைச் சொன்னார். தலைக்குள் இருப்பதைப் படமாக்கும் அந்தக் கணக்கில் தமிழர் ஒருவருடைய பெயர் இருக்கிறது என்பது ஒன்று. படத்தில் தெரியாத காயம் நரம்பணுவின் புரதங்களுக்குள் நேர்கிறது. புரதம் எப்படி மடங்கலாம், எப்படி மடங்கக் கூடாது என்று வகுத்தவரும் அதே மனிதர்தாம் என்பது மற்றொன்று. அம்மனிதரின் வாழ்க்கையை அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்து வருகிறேன். என் அறிவியல் கல்வி பள்ளியிறுதியோடு நின்றதாகையால், யாப்பு அறிந்த அளவைக் கொண்டே அவரைப் புரிந்துகொண்டேன். நம்மவர்க்கு அவ்வழியே எளிது என்றும் நம்புகிறேன்.

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், அன்றைய கொச்சி நாட்டு எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயரின் முதலெழுத்து சுட்டும் கோபாலசமுத்திரம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த மூதாதையர் ஊர். தந்தையார் நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வீட்டிலேயே வடிவக் கணக்குகளோடு வளர்ந்த பிள்ளைக்கு உருவங்களை மனத்துக்குள்ளேயே சுழற்றிப் பார்க்கும் பழக்கம் இளமையிலேயே வாய்த்தது; அவருடைய பிற்காலப் பணிகள் அனைத்துக்கும் அப்பழக்கமே அடிநிலம் என்பது என் கருத்து. இடைநிலை வகுப்பை எர்ணாகுளத்திலேயே முடித்து, 1939இல் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்பு வகுப்பிற் சேர்ந்து, 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் மாணவராகத் தேறினார்.

அவ்வாண்டே பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்திற்குச் சென்றார். சேர்ந்தது மின்பொறியியல் துறையில். இயற்பியல் துறைத் தலைவராக இருந்தவர் சர் சி. வி. இராமன். இம்மாணவர் மின்பொறியியலுக்கு வேண்டியதைவிட மிகுந்த அறிவுடையவர் என்று சொல்லி இராமன் இவரைத் தம் துறைக்கு மாற்றிக்கொண்டார் என்பது அந்நிறுவனத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஒளியியலும் படிகங்களும் இராமனின் காதல்கள். மாணவர் அவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டு, எக்ஸ் கதிர்களால் படிகங்களை ஆராய்வதில் தம் வழியை அமைத்துக்கொண்டார். 1947இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றபின் கேம்பிரிட்ஜ் சென்று கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஊஸ்டர் என்பாரிடம் பயின்று 1949இல் முனைவரானார். அங்கே லைனஸ் பாலிங்கின் சொற்பொழிவுகளைக் கேட்டது அவர் உள்ளத்தில் நெடுநாள் தங்கியது. உயிர்ப்பொருளின் பெரிய மூலக்கூறுகளையும் சிறு படிகங்களைப் போலவே நீளமும் கோணமும் அளந்து அறியலாம் என்ற துணிவு பாலிங்குடையது.

திரும்பி வந்து பெங்களூரில் மூன்றாண்டுகள் பணியாற்றிய பின், 1952இல் அவர் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் புதிய இயற்பியல் துறையை நிறுவ விரும்பிய துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் முதலில் இராமனைத்தான் அழைத்தார். இராமன் தமக்குப் பதிலாகத் தம் மாணவரைச் சுட்டினார். முப்பது வயது நிறைவதற்குள் துறைத்தலைவர். கிண்டி வளாகத்தில் கட்டடமும் கருவியும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டிய நிலை. அவருடைய சிறந்த பணிகள் வெளிநாட்டுப் பேராய்வுக்கூடங்களில் நிகழவில்லை. அந்தக் கிண்டி வளாகத்தில் நிகழ்ந்தன. தலைநகரங்களுக்கு அப்பால் இருந்துகொண்டு எழுதுகிறோம் என்று நம்மில் சிலர் அடிக்கடி வருந்துவதுண்டு. அவர்கள் இதைக் கருதலாம்.

அந்த ஆண்டே ஆங்கிலப் படிகவியல் அறிஞர் பெர்னால் சென்னைக்கு வந்தார். எதை ஆராயலாம் என்ற பேச்சில், தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் கட்டமைப்பு இன்னும் எவராலும் சரியாக அறியப்படவில்லை என்பதை அவர் குறிப்பிட்டார். கிண்டி வளாகத்துக்கு அண்மையிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோலைப் பதப்படுத்துவோருக்குக் கொலாஜன் அன்றாடப் பொருள். கங்காரு வாலின் தசைநாணிலிருந்து நல்ல இழைகள் கிடைத்தன. கோபிநாத் கர்த்தா என்ற இளம் ஆய்வாளர் உடன் சேர்ந்தார். எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்தும், மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்னும் மிகச்சிறிய அமினோ அமிலம் என்ற வேதியியல் செய்தியிலிருந்தும் அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். கொலாஜன் ஒற்றைச் சுருள் அன்று; மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவிச் சுற்றிய முப்புரி. நடுவில் இடம் மிகக் குறுகியதாதலின், உள்நோக்கி வரும் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச்சிறிய கிளைசினைத் தவிர வேறெதுவும் பொருந்தாது. 1954 ஆகஸ்டில் இது நேச்சர் இதழில் வெளிவந்தது. மறு ஆண்டு, அம்முப்புரி தானும் ஒரு முறுக்குப் பெற்றது என்று திருத்தி வெளியிட்டனர்.

அதே 1955இல் கேம்பிரிட்ஜிலிருந்து பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் மறுப்போடு வந்தனர். முப்புரி என்பதை ஏற்ற அவர்கள், சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றனர். சில ஆண்டுகளுக்கு முன் உயிர்மரபின் இரட்டைச் சுருளைக் கண்ட கிரிக்கின் சொல்லுக்கு உலகம் செவிசாய்த்தது. கொலாஜனின் புகழ் பெரும்பாலும் அவர்கள் பக்கம் சென்றது. பிற்கால நூல்கள் சிலவற்றில் இராமச்சந்திரன் பெயர் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது. அவருக்கு மனவருத்தம் இல்லாமல் இருந்திருக்க முடியாது. ஆயினும் அவர் செய்த செயல், வழக்காடுவதைவிட வலியது. இரண்டு அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று உண்மையில் யாருக்குத் தெரியும் என்ற வினாவை அவர் எடுத்துக்கொண்டார். அதுவரை கட்டமைப்பு அறியப்பட்டிருந்த அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் ஆகியவற்றின் அளவுகளையெல்லாம் தம் மாணவர்களைக் கொண்டு திரட்டினார். எந்த அணுவுக்கும் எந்த அணுவுக்கும் இடையே இயற்கை எவ்வளவு நெருக்கத்தை அனுமதிக்கிறது என்று அட்டவணை எழுந்தது.

அவ்வட்டவணையிலிருந்து பிறந்ததே அவருடைய பெயரை நிலைநிறுத்திய வரைபடம். யாப்பறிந்தோர்க்கு அதைச் சொல்வது எனக்கு எளிது. புரதம் என்பது அமினோ அமிலங்களைச் சீர்களாகக் கோத்த நீண்ட அடி. ஒரு சீரையும் அடுத்த சீரையும் இணைக்கும் பெப்டைடுப் பிணைப்பு தட்டையானது, வளையாதது. வளைவதெல்லாம் அப்பிணைப்பின் இருபுறமும் உள்ள இரண்டு சுழற்சிகளால் மட்டுமே. வெண்பாவில் மாச்சீரை அடுத்து நிரையசைதான் வரலாம், விளச்சீரை அடுத்து நேரசைதான் வரலாம் என்பது தளை. மற்றபடி வந்தால் செப்பலோசை சிதைந்து வெண்பா வேறொன்றாகிவிடும். அதைப் போலவே, அவ்விரு சுழற்சிக் கோணங்களில் எந்த இணை வரலாம், எது வந்தால் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டார்கள். கணினி எளிதிற் கிட்டாத அக்காலத்தில் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய இருவரும் அவருடன் இவ்வுழைப்பில் ஈடுபட்டனர். ஒரு கோணத்தைக் கிடைக்கோட்டிலும் மற்றதைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து வரைந்தபோது, கட்டத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட வெறுநிலமாயிற்று; சிறிய தீவுகள் சில மட்டுமே அனுமதி பெற்றன. புரதங்களில் காணப்படும் சுருள்களும் தகடுகளும் அத்தீவுகளுக்குள்ளேயே விழுந்தன. பக்கக்கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் அதிக உரிமை. தன்னையே வளையமாகப் பூட்டிக்கொண்ட புரோலினுக்கு மிகக் குறைந்த உரிமை.

1963இல் வெளிவந்த இவ்வரைபடம் இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் எனப்படுகிறது. புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டதாகச் சொல்பவர் எவராயினும், அவ்வடிவம் இவ்வரைபடத்தில் தேறுகிறதா என்று காட்டவேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. கிரிக் எழுப்பிய ஐயத்துக்கு விடை தேடப் போனவர், அனைவருக்கும் பொதுவான இலக்கணம் ஒன்றோடு திரும்பினார். தொல்காப்பியரைப் போல அவரும் உரிமை கொண்டாடும் நடையில் அதை எழுதவில்லை. எண்களும் கோடுகளுமாகச் சில பக்கங்கள், அவ்வளவே. இலக்கணம் வகுத்தவர்களை நாம் உரிய அளவு கொண்டாடுவதில்லை என்ற குறை எனக்கு எப்போதும் உண்டு. அதை இங்கே விரித்தால் கட்டுரை வேறு திசையிற் போய்விடும்.

1963, 1967 ஆகிய ஆண்டுகளில் அவர் சென்னையில் கூட்டிய பன்னாட்டுக் கருத்தரங்குகளுக்கு அத்துறையின் முன்னோடிகள் பலர் வந்தனர். 1969இல் முதலியார் பதவியிலிருந்து விலகியபின் சென்னையில் அவருக்குச் சூழல் மாறியது. 1970இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டுச் சென்றார். சிகாகோவில் சிறிது காலமும், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் தாம் தொடங்கிய மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவில் பெருங்காலமுமாக அடுத்த பகுதி கழிந்தது.

1971இல் அவரும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் இணைந்து எழுதிய ஒரு கட்டுரைதான் என் மாணவரின் படுக்கை வரை வந்தது. ஒரு பொருளை அறுக்காமல் அதன் உட்புறத்தை அறிவது எப்படி என்பது அதன் வினா. எக்ஸ் கதிர் ஒரு திசையில் சென்றால் கிடைப்பது ஒரு நிழல். ஒரு நிழலில் முன்னும் பின்னும் உள்ளவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குழம்பிக் கிடக்கும். தோல்பாவைக் கூத்தில் திரைக்கு இப்பால் இருந்து பார்ப்பவருக்குப் பாவையின் பக்கவாட்டு உருவம் மட்டுமே தெரிவது போன்றது அது. ஆனால் சுற்றிலும் பல திசைகளிலிருந்து நிழல்களை எடுத்து, அவற்றைத் திரும்பப் பொருளின் மீதே பரப்பிக் கூட்டினால் உட்புறத்தின் உருவம் எழும். வெறுமனே கூட்டினால் எங்கும் மங்கல். கூட்டுவதற்கு முன் ஒவ்வொரு நிழலையும் ஒரு குறிப்பிட்ட முறையில் கூர்மைப்படுத்திக்கொண்டால் மங்கல் நீங்கும். அதுவரை வழக்கிலிருந்த ஃபூரியர் மாற்றக் கணக்குக்கு மிகுந்த உழைப்பு வேண்டியிருந்தது. இவர்கள் முறையில் அவ்வுழைப்பு பெரிதும் சுருங்கியது. வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் ஆகிய இருவரும் 1967இலேயே இதனையொத்த வழியைக் கண்டிருந்தனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவர்கள் அதை எக்ஸ் கதிர்ப் படத்துக்கும் மின்னணு நுண்ணோக்கிப் படத்துக்கும் கொண்டுவந்தனர்.

அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள், இலண்டன் அருகே விம்பிள்டன் மருத்துவமனை ஒன்றில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. அக்கருவி வேறொரு கணக்கு முறையைக் கையாண்டது. விரைவில் அடுத்த தலைமுறைக் கருவிகள் நிழலைக் கூர்மைப்படுத்தும் முறைக்கு மாறின. பல பத்தாண்டுகள் அதுவே சி.டி. ஸ்கேனின் அடிப்படையாக நின்றது. பொறியாளர்கள் இன்றும் அந்தக் கணக்கை இருவர் பெயரின் தலையெழுத்துகளையும் சேர்த்து ராம்–லாக் வடிகட்டி என்கின்றனர். 1979இல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் சென்றது.

தலையில் அடிபட்டவருக்கு இக்கருவி செய்துள்ள நன்மை சொல்லி முடியாதது. மண்டையோட்டுக்குள் குருதி கசிந்து மூளையை அழுத்துகிறதா என்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும்; காலம் தாழ்த்தாமல் அறுவை மருத்துவர் உயிரைக் காக்கலாம். அதற்கு முன் மருத்துவர்கள் கண்ணின் பாவையைப் பார்த்தும், கைகால் அசைவைப் பார்த்தும், ஊகித்துமே மண்டையோட்டைத் துளைத்தனர். நம் பகுதியிலிருந்து நெடுஞ்சாலையில் தலைக்காயத்தோடு பெங்களூருக்கு விரைந்து கொண்டுசெல்லப்படுவோரை நாம் அறிவோம். அங்கே நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கும் சாலையின் பெயரே ஓசூர்ச் சாலை.

எனினும் அந்தப் படம் காணாத ஒன்று உண்டு. 1956இல், கிண்டியில் கொலாஜன் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், ஆக்ஸ்ஃபோர்டில் சபீனா ஸ்ட்ரிக் என்ற நோய்க்குறியியல் அம்மையார், தலையில் அடிபட்டு மாதக்கணக்கில் நினைவு தெளியாமல் கிடந்து இறந்த ஐவரின் மூளைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். உடைந்த எலும்போ பெருங்குருதிக் கட்டியோ அந்நிலைக்குக் காரணமாகத் தோன்றவில்லை. மூளையின் வெண்பகுதியில் நரம்பிழைகள் பரவலாக அழிந்திருந்தன. தலை சட்டென்று சுழன்று நிற்கும்போது, கூழ் போன்ற மூளையின் ஒரு பகுதி மற்றதைவிடச் சற்றுப் பிந்தி நிற்கிறது. அந்நொடியில் நரம்பிழைகள் இழுபட்டுவிடுகின்றன. அடி பட்ட இடத்தில் மட்டுமன்றி எங்கெங்கும் இக்காயம் சிதறியிருக்கும். ஓர் இழை மயிரினும் பன்மடங்கு மெல்லியது. சி.டி. படத்தின் ஒரு புள்ளிக்குள் அவ்விழைகள் எத்தனையோ அடங்கும். ஆகவே படம் தூய்மையாகவே தோன்றும்.

இழுபட்ட இழைக்குள் என்ன நிகழ்கிறது என்பதை அறிவதற்கு நாம் புரதத்துக்குத் திரும்ப வேண்டும். நரம்பணுவின் உடலிலிருந்து அதன் நெடிய இழையின் நுனிவரை சரக்குகள் செல்ல வேண்டும். அதற்கென நுண்குழல்கள் தண்டவாளங்களைப் போல் நீளமாக இடப்பட்டுள்ளன. டௌ என்னும் புரதம் அக்குழல்களைப் பற்றி நின்று உறுதி தருகிறது. இழுவையில் குழல்கள் ஆங்காங்கே முறிகின்றன. சரக்கு அவ்விடத்தில் தேங்கி இழை மணிமணியாகப் புடைக்கிறது. இழையின் சவ்வு கசிந்து கால்சியம் உள்ளே புகுகிறது. அக்கால்சியம் கால்பெயின் என்ற நொதியை எழுப்பிவிட, அது இழையின் சட்டகமாகிய ஸ்பெக்ட்ரின் முதலிய புரதங்களை வெட்டத் தொடங்குகிறது. இவை அடிபட்ட நொடியில் முடிந்துவிடுவனவல்ல. மணிக்கணக்காக, நாள்கணக்காக, சிலரிடம் அதற்கும் அப்பால் தொடர்கின்றன. தாயார் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த வேளையில் அவர் மகன் தலைக்குள் இந்த வேலை நடந்துகொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது.

டௌவுக்கு நேர்வதுதான் இராமச்சந்திரனோடு நேரடியாகத் தொடர்புடையது. காயமுற்ற அணுவில் டௌவின் மீது பாஸ்பேட்டுகள் அளவுமீறி ஒட்டிக்கொள்கின்றன. அவ்வாறு ஒட்டும் இடங்களுள் ஒன்று 231ஆம் இடத்துத் திரியோனின். அதை அடுத்து நிற்பது புரோலின். பெப்டைடுப் பிணைப்பு தட்டையானது என்று முன்னர்ச் சொன்னேன். அத்தட்டையிலும் இரண்டு வகை உண்டு: சங்கிலியின் முன்பகுதியும் பின்பகுதியும் பிணைப்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும் டிரான்ஸ் நிலை, இரண்டும் ஒரே பக்கம் நெருங்கும் சிஸ் நிலை. சிஸ் நிலை புரதங்களில் ஏன் இத்துணை அரிது என்பதற்கு 1976இல் மித்ரா என்பவரோடு சேர்ந்து விளக்கம் எழுதியவர் இராமச்சந்திரன். ஒரே பக்கம் நெருங்கினால் அணுக்கள் முட்டிக்கொள்ளும். புரோலினுக்கு முன் மட்டும் இரு நிலைகளுக்கும் வேறுபாடு குறைவு. ஆகவே அங்கே மட்டும் சிஸ் நிலை ஓரளவு தலைகாட்டும். கொலாஜனில் தொடங்கிய அதே நெருக்கக் கணக்குதான் இங்கும் பேசுகிறது.

2015இல் பாஸ்டன் நகரில் குன் பிங் லூவும் அவருடைய குழுவினரும் நேச்சர் இதழில் ஒரு முடிவை வெளியிட்டனர். அடிபட்ட எலிகளின் நரம்பணுக்களில், பாஸ்பேட்டு ஒட்டிய டௌ அந்தப் புரோலின் பிணைப்பில் சிஸ் நிலைக்குத் திரும்பிச் சில மணி நேரங்களிலேயே குவியத் தொடங்குகிறது. சிஸ் டௌ நுண்குழலைப் பற்றுவதில்லை, எளிதில் கரைவதுமில்லை, ஒன்றோடொன்று திரண்டு, அடுத்த அணுக்களுக்கும் பரவுகிறது. அதை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தைச் செலுத்தியபோது எலிகளின் மூளைச் சிதைவு தணிந்தது. தலையில் மீண்டும் மீண்டும் அடிபட்ட மனிதர்களின் மூளையிலும் அத்திரிந்த டௌவைக் கண்டனர். எலியில் பலித்ததெல்லாம் மனிதரில் பலிப்பதில்லையாதலால் இதை மருந்து என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காயம் என்பது எலும்பிலோ குருதியிலோ மட்டும் இல்லை, ஒரு தளை பிழைபட்டதிலும் இருக்கலாம் என்பதை எனக்குத் தெளிவாக்கியது இச்செய்தியே. மூளையணுக்கள் சிதையும்போது குருதியில் கலக்கும் இரு புரதங்களை அளந்து, ஸ்கேன் வேண்டுமா எனத் தீர்மானிக்க உதவும் சோதனைக்கு அமெரிக்காவில் 2018இல் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. நிழலில் தேடுவதோடு புரதத்திலும் தேடத் தொடங்கியிருக்கிறார்கள்.

இராமச்சந்திரன் 1977இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். மறு ஆண்டு தம் பிரிவின் பொறுப்பிலிருந்து விடுபட்டபின் அவருடைய நாட்டம் தருக்கத்தின் பக்கம் திரும்பியது. ஒரு கூற்று உண்மை அல்லது பொய் என்ற இரண்டோடு நில்லாமல், ஒரு வகையில் உண்டு, ஒரு வகையில் இல்லை, சொல்லொணாதது என விரியும் சமணரின் சியாத்வாதத்தை அணிக்கணிதத்தில் எழுதிப் பார்த்தார். நீலகேசி பயின்ற நம்மவர்க்கு அச்சிந்தனை புதிதன்று. அறிவியல் தோழர்களுள் பலர் இதை முதுமையின் விளையாட்டு என்று ஒதுக்கினர் போலும். நான் அவ்வாறு ஒதுக்கமாட்டேன். எது வரலாம், எது வரக்கூடாது, இரண்டுக்கும் இடையே ஓரம் எங்கே என்பதுதானே அவர் வாழ்நாள் முழுவதும் கேட்டது. வரைபடத்தில் முழுதும் அனுமதிக்கப்பட்ட தீவைச் சுற்றி, ஓரளவு அனுமதிக்கப்பட்ட ஒரு கரையையும் அவர் வரைந்திருந்தார்.

இறுதி ஆண்டுகள் துன்பமானவை. பார்க்கின்சன் நோய் அவரைப் பற்றியது. இந்நோயில் மூளையின் கருநிறப் பகுதியொன்றின் அணுக்கள் படிப்படியாக மடிகின்றன. உடல் அசைவு தடைப்பட்டுக் கை நடுங்குகிறது. அந்த அணுக்களுக்குள் காணப்படும் உருண்டைத் திரட்சிகள் ஆல்ஃபா சைனுக்ளீன் என்ற புரதம் வடிவம் பிறழ்ந்து குவிந்தவை என்பது 1997இல், அவர் உயிரோடிருக்கையிலேயே, உலகுக்குத் தெரிந்தது. புரதம் எவ்வாறு மடங்கலாம் என்று உலகுக்கு எழுதிக் காட்டியவரின் நரம்பணுக்களிலேயே புரதம் பிழையாய் மடங்கியது. 1945 முதல் உடனிருந்து குடும்பத்தையும் அவருடைய உடல்நலத்தையும் பேணிய மனைவியார் 1998இல் மறைந்தார். அதன்பின் வாதமும் தாக்கியது. 1999இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் தன் உயர்ந்த பரிசாகிய எவால்டு பரிசை அவருக்கு வழங்கியது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார். எழுபத்தெட்டு வயது.

என் மாணவருடைய தாயாருக்கு, படம் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று எடுத்துச் சொன்னேன். மூளைக்காயம் பார்க்கும் மருத்துவரிடம் அவரை மீண்டும் அழைத்துச் சென்றோம். நெடுநாள் ஓய்வும் மறுவாழ்வுப் பயிற்சியும் பெற்று, இரவு ஷிப்டிலிருந்து பகல் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார். இப்போது கூட்டங்களுக்கு வந்து பின் வரிசையில் அமர்கிறார். ஈற்றடி கேட்டால் உடனே தருவதில்லை. ஒரு தாளில் சீர்களை இடைவெளி விட்டு எழுதி, ஒவ்வொரு சீருக்கும் அடுத்த சீருக்கும் நடுவே தளையின் பெயரைச் சிறிய எழுத்தில் குறித்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் கொண்டுவந்து தருகிறார்.